ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு நிற்பது கோரையா, சம்புவா, நாணலா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும்

ஏரிக்கரைக்காரி:

வணக்கம். நான் மேடவாக்கம் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி ஓர் ஏரி இருக்கிறது. பெரியதில்லை, கரையோடு ஒரு சுற்று நடக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதன் வடக்குக் கரையில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு செடி அடர்ந்து நிற்கிறது. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். நான் இறங்கி நின்றால் அது என்னை மறைத்துவிடும். தண்டில் இலையே காணோம். உச்சியில் மட்டும் குடைக்கம்பி விரித்த மாதிரி மூன்று நான்கு நீள இலைகள், நடுவில் பழுப்பு நிறத்தில் பூக்கொத்து.

குடியிருப்போர் சங்கத்தில் வரும் ஞாயிறு ஜேசிபி வைத்துக் கரையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். பாம்பு வருகிறது, கொசு வருகிறது, புதரை எடுத்துவிடலாம் என்று பேச்சு. நல்ல மனிதர்கள்தான். போன வருடம் இதே ஏரியில் இறங்கி மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் செடியைப் பார்க்கும்போது எனக்குப் பாட்டியின் கோரைப்பாய் ஞாபகம் வருகிறது. கடைசிவரை அதில்தான் படுத்தார். இதுவும் அதே கோரையா? வாட்ஸப் குழுவில் ஒருவர் சம்பு என்கிறார், இன்னொருவர் நாணல் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்தால் ஏரிக்கு நல்லதா கெட்டதா?

இன்னொன்று. சிவப்பு அலகும் நீல உடம்புமாகக் கோழி அளவில் ஒரு பறவை அதற்குள் போய் வருகிறது. என் மகள் தினமும் அதைத் தேடுகிறாள்.

முசிறிக்காரன்:

அம்மா, ஒரு தண்டை அடியில் அறுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில வெச்சு உருட்டிப் பாருங்க. உருளாம விளிம்பு தடுக்குதா? அறுத்த முகத்தைப் பாருங்க, முக்கோணமா இருக்கும், உள்ளே வெள்ளையா பஞ்சு மாதிரி சோறு நிறைஞ்சிருக்கும், கணு ஒண்ணுகூட இருக்காது. அப்படின்னா கோரைதான். நாணல் புல் சாதி. தண்டு உருண்டை, உள்ளே குழல், மூங்கில் மாதிரி கணு கணுவா இருக்கும். சம்புவுக்கு இலை பட்டையா, வாள் மாதிரி அடியிலிருந்தே கிளம்பும், காய் பழுப்பு மெழுகுவத்தி போல நிக்கும். கோரையிலயும் உருண்டைத் தண்டு உள்ள வகை உண்டு, அதனால பூக்கொத்தையும் சேர்த்துப் பாருங்க. நீங்க சொன்ன குடைக்கம்பி இலையும் பழுப்புக் கொத்தும் பாய்க்கோரை அடையாளம்னு எனக்குப் படுது.

நான் இப்ப அம்பத்தூர்ல லேத் பட்டறையில இருக்கேன். பிறந்தது காவிரிக்கரையில, முசிறி பக்கம். எங்க வீட்ல கோரை வெள்ளாமை. கிழங்கை நட்டா அது மண்ணுக்குள்ளேயே படர்ந்து படர்ந்து குருத்து விடும். ஒரு தடவை நட்டது பல வருஷம் நிக்கும், அறுக்க அறுக்க வரும். அறுத்த அன்னிக்கே பச்சையா இருக்கும்போது கத்தியால கீறிடணும். எங்க அம்மா நுனியில கத்தியைக் கொடுத்து ஒரே இழுப்பா அடிவரைக்கும் கொண்டு போவாங்க, தண்டு ரெண்டா பிரியுற சத்தம் துணி கிழியுற மாதிரி கேக்கும். அப்புறம் வெயில்ல பரப்பினா சோறு சுண்டி, ஓரம் உள்பக்கமா சுருண்டு குச்சி மாதிரி ஆயிடும். அந்த நேரத்துல ஒரு மழை பிடிச்சா கறுத்துப் போயிடும், விலை போகாது. மழை இருட்டிக்கிட்டு வந்தா பள்ளிக்கூடத்துல இருந்து எங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க, அள்ளி உள்ள போட.

பத்தமடைக்காரங்க வேலை இன்னும் நுணுக்கம். தாமிரபரணி பக்கத்துக் கோரையை ஓடுற தண்ணியில நாள்கணக்குல ஊறப்போட்டு, உள்சோறு அழுகினதும் மேல்தோலை மட்டும் எடுத்து, அதை நூல் மாதிரி கிழிச்சு, பருத்திப் பாவுல நெய்வாங்க. மடிச்சா பட்டுத்துணி மாதிரி மடியும். அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. சங்கப் பாட்டுல பஞ்சாய்னு வர்றதும் கோரைதான். சின்னப் பொண்ணுங்க அதைக் கிழிச்சுப் பாவை செஞ்சு விளையாடியிருக்காங்க. உங்க மகளுக்கு நாலு தண்டு அறுத்துக் கொடுங்க.

ஜேசிபி மட்டும் வேண்டாம். அது செடியை மட்டும் எடுக்காது, கிழங்கோட அரையடி மண்ணையும் வாரிடும். அந்தக் கிழங்கு வலைதான் கரை மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு. எங்க ஊர்ல வாய்க்கால் ஓரம் கோரை இருக்கற இடத்துல கரை கரைஞ்சு நான் பார்த்ததில்லை.

தொலைநோக்கி:

நீங்கள் பார்ப்பது நீலத்தாழைக்கோழி. கால்விரல்கள் மிக நீளம். தண்டை ஒரு காலால் பிடித்து, கை வைத்துச் சாப்பிடுவது போல உரித்து உள்குருத்தைத் தின்னும். நின்று பார்த்தால் உரித்துப் போட்ட வெள்ளைத் துண்டுகள் தண்ணீரில் மிதப்பது தெரியும். தண்டுகளை மடக்கி மேடை போல அமைத்து அதன்மேல் கூடு கட்டும். குஞ்சுகள் கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். ஞாயிறுக்கு முன் கட்டாயம் பாருங்கள்.

பதினைந்து வருடமாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறேன். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம், பரப்பு 1,247 ஹெக்டேருக்கு மேல். உங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் பெரும்பாலும் தண்ணீர் வந்து சேர்வது அங்கேதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். நாமக்கோழிகள் திறந்த தண்ணீரில் மிதக்கும், பருந்து தாழப் பறந்தால் ஓடி ஒளிவது இந்தக் கோரைக்கும் சம்புக்கும் உள்ளேதான். கரையை மொட்டையாக்கினால் அவற்றுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

கொசுவைப் பற்றி: கோரை இடுக்கில்தான் தட்டான் முட்டையிடுகிறது, சிறு மீன் ஒளிகிறது. தட்டான் குஞ்சும் மீனும் கொசுப் புழுவைத் தின்பவை. சங்கத்தினர் கொசுவுக்காகத்தான் செய்கிறார்கள் என்றால், ஏரியில் விழும் சாக்கடையைத் தடுப்பதுதான் முதல் வேலை. சாக்கடைச் சத்து சேர்ந்த இடத்தில் சம்பு மட்டும் வெறியாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். ஆகாயத்தாமரையும் அப்படியே. அவற்றை எடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை.

மாடித்தோட்டம்_வேளச்சேரி:

சின்னதாக ஒன்று. நர்சரியில் தொட்டிச்செடியாக விற்கும் பாப்பிரஸும் கோரைக் குடும்பம்தான், சைப்பெரஸ் பேரினம். ஆப்பிரிக்கச் சதுப்பில் நான்கு மீட்டர்கூட வளரும், தெற்குச் சூடானின் சட் சதுப்பிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அது காடாகவே நிற்கிறது. அதன் உள்சோற்றை அடுக்கித்தான் எகிப்தியர் எழுதும் தாள் செய்தார்கள். நம் முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிய கப்பலின் கடன் பத்திரம் அந்தத் தாளில்தான் வியன்னாவில் இருக்கிறது. (காவிரிக்கரை முசிறி இல்லை, சேரநாட்டு முசிறி.) என் மாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவு பிடிக்கும். ஆனால் பெருத்துவிட்டது என்று யாரும் அதை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஏரிக்கு நம் கோரை இருக்கிறது.

முசிறிக்காரன்:

சம்புவைக் குறைக்கணும்னா ஒரு வழி இருக்கு, மெஷினே வேண்டாம். மழைக்காலத்துல ஏரி ஏறும்போது, தண்ணிமட்டத்துக்குக் கீழே கைவிட்டு அரிவாளால அறுத்துடணும். கிழங்குக்குக் காத்து போறது தண்டு வழியாத்தான். தண்ணிக்கு அடியில அறுபட்டா அது மூச்சு முட்டி அழுகிடும். கோரைக்கும் காத்து அப்படித்தான் போகுது, அதனால கோரையை அறுக்கறதா இருந்தா தண்ணி வத்தின காலத்துல, மண்ணுக்கு மேல நாலு விரல் விட்டு அறுங்க.

ஏரிக்கரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மகளோடு போனேன். வடக்குக் கரைத் தண்டு உருளவில்லை. மூன்று விளிம்பும் விரலில் தெளிவாகத் தட்டுப்பட்டது, அறுத்த முகம் பல்லால் கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளையாக இருந்தது. கோரைதான். மேற்கு மூலையில், சாக்கடை வந்து விழும் இடத்தில் மட்டும் பட்டை இலையும் மெழுகுவத்திக் காயும், அது சம்பு. மகள்தான் முதலில் பார்த்தாள்: மடிந்த தண்டுகளுக்கு மேல் இரண்டு கறுப்புக் குஞ்சுகள்.

மதியம் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் நான் எடுத்த படங்களைக் காட்டினேன். வண்டியை மேற்கு மூலையோடு நிறுத்திக்கொள்ளலாம், பிளாஸ்டிக்கையும் ஆகாயத்தாமரையையும் மட்டும் வாரலாம் என்று ஒத்துக்கொண்டார். பாம்பு விஷயத்தில் இரண்டு பேருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, அவர்களோடு நாளை பேச வேண்டும். வடக்குக் கரை தொடங்கும் இடத்தில் நான்கு மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டுநர் வரும்போது நான் அங்கே நிற்பேன். அருகில் இருப்பவர்கள் வர முடிந்தால் வாருங்கள்.