லண்டன் லார்ட்ஷிப் லேன் ரயில் நிலையம் மூடப்பட்டது ஏன்?

கேள்வி:
1871-இல் கமீல் பிஸாரோ தீட்டிய ஓவியமொன்றில், தெற்கு லண்டனின் புல்சரிவுகளுக்கு நடுவே நீராவி ரயிலொன்று நம்மை நோக்கி வருகிறது; பின்னால் தெரியும் லார்ட்ஷிப் லேன் நிலையம் இன்று இல்லை. நன்றாக ஓடிய புறநகர்த் தடத்தை ஏன் கைவிட்டார்கள்?

மறுமொழி 1:
நன்றாக ஓடியதா என்பதே ஐயம்தான். சிடன்ஹாம் குன்றிலிருந்த கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகைக்குக் கூட்டம் சேர்க்கவே, நன்ஹெட்டிலிருந்து பிரியும் இக்கிளைத்தடத்தை 1865-இல் திறந்தார்கள். 1925-இல் மின்மயமாக்கியும் பயனில்லை. 1936 நவம்பர் 30 இரவு மாளிகை தீக்கிரையானதும் தடத்தின் தேவையே பெரிதும் போய்விட்டது. இரு உலகப் போர்களின்போதும் சில காலம் நிறுத்தப்பட்ட சேவை, 1954 செப்டம்பரில் முற்றாக முடிந்தது.

மறுமொழி 2:
தீயை மட்டும் குறைசொல்வது சரியன்று. போட்டி ரயில் நிறுவனத்தின் நிலையம் அதே மாளிகையின் அடிவாரத்தில் 1854 முதலே இயங்கியது. மரங்கள் அடர்ந்த குன்றுச் சரிவில் அன்றாடப் பயணிகளும் குறைவு. என் பார்வையில், இரண்டாவது தடமே மிகைதான்.

மறுமொழி 3:
நிலையம் இருந்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்துவிட்டாலும், அருகிலுள்ள சிடன்ஹாம் ஹில் காட்டுக்குள் பழைய சுரங்கவாயிலைக் காணலாம். இப்போது அது வௌவால்களின் உறைவிடம். ஓவியத்தைப் பற்றி ஒன்று: அதிலுள்ளது பெஞ்ச் (Penge) என்னும் வேறோர் ஊரின் நிலையம் என்றே நெடுங்காலம் கருதிவந்தார்கள்.