கேரவன் ஸ்லைடு-அவுட் தரை ஊறிப்போச்சு: மேல பலகை அடிக்கலாமா, அறுத்து மாத்தணுமா?

ஏலக்காடு_குமுளி

லாரி சேஸிஸ் மேல பாடி கட்டின கேரவன். கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு கட்டினது. குமுளிக்குப் பக்கத்துல ஏலத்தோட்டத்துக்குள்ள நிக்குது, அதிகம் ஓடுறதில்ல. இடது பக்கம் ஒரு ஸ்லைடு-அவுட் (வண்டி நிக்கும்போது சுவரோட வெளியே நீளுற அறைப் பகுதி): நீளம் 11 அடி, வெளியே நீளுறது இரண்டரை அடி. அடியில ரெண்டு இரும்பு ரயில், ரேக்கும் (பல் வெட்டின நீளப் பட்டை) பல்சக்கரமும், 12 வோல்ட் மோட்டார். தரை 18 மி.மீ. பிளை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் சுத்தியிருக்கு.

ஸ்லைடோட வெளிச்சுவர் ஓரத்துல, வண்டி முன்பக்கம் பார்த்த மூலை காலை வெச்சா அமுங்குது. மூலையிலிருந்து ஒன்றரை அடி வரைக்கும் மேல ஒட்டின வினைல் விரிப்பு கறுத்து, ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. உள்ளே இழுக்கும்போது கடைசி நாலு அங்குலத்துல மோட்டார் திணறுது. ஸ்லைடு கூரை ஜாயின்ட் முழுக்க சிலிக்கான் புதுசா இழுத்தாச்சு. ஆனாலும் ஈரம் நிக்கல.

கறுத்த இடத்துக்கு மேல 6 மி.மீ. பிளை அடிச்சு வினைல் ஒட்டினா போதும்னு இங்க ஆசாரி சொல்றார். எபாக்சி (ஹார்டனர் கலந்தா இறுகற ரெசின்) ஊத்தினா மரம் கல்லாயிடும்னு இன்னொருத்தர். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னாடி முடிக்கணும். எது சரி? அறுக்கிறதா இருந்தா எவ்வளவு அறுக்கணும், என்ன பலகை போடணும்?

கொழிஞ்சாம்பாறை_பாடிவேலை

மேல பலகை அடிக்கவே அடிக்காதீங்க. ஸ்லைடோட சுவர் தனியா நிக்கலைங்க. தரைப்பலகைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ ஏத்தித்தான் சுவரோட அடிச்சட்டத்தைப் பிடிச்சிருப்பாங்க. அந்த ஓரத்து ரெண்டு அங்குலப் பலகைதான் வெளிச்சுவரைத் தாங்குது. ஊறின பிளையில ஸ்க்ரூ பிடிக்காது. மேல பலகை அடிச்சா அமுங்கறது கால்ல தெரியாது, அவ்வளவுதான். சுவர் இறங்கறது நிக்காது. ரெண்டு பலகைக்கும் நடுவுல மாட்டின ஈரத்துக்குக் காயறதுக்கு வழியும் இருக்காது.

மோட்டார் திணறுறதையும் இதோட சேர்த்துப் பாருங்க. மூலை தொங்கினா ஸ்லைடு கோணலாகும், ஒரு ரயில் முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் வரும். சுவிட்சை அமுக்கிட்டே இருந்தா பல் தாவும், இல்லேன்னா ஷாஃப்ட்ல இருக்கிற பின் அறுந்துபோகும். வேலை முடியற வரைக்கும் ஸ்லைடை வெளியேயே நிறுத்துங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி வெச்சிடுங்க, யாரும் தெரியாம சுவிட்சைத் தொட்டுடக் கூடாது.

அறுக்கறதுக்கு முன்னாடி தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். எல்லாரும் முதல்ல கூரையைத்தான் சந்தேகப்படுவாங்க. அடி மூலை ஊறினா கூரையைவிட மூணு இடத்து மேலதான் எனக்குச் சந்தேகம். வெளிச்சுவரும் தரையும் சேர்ற மூலையில ரப்பர் பீடிங் (இடுக்கை அடைக்கிற ரப்பர் பட்டை) வெட்டிச் சேர்த்த ஜாயின்ட் ஒண்ணு. சுவர்த் தகட்டுல வழியற தண்ணி சொட்டி விழாம, அடி விளிம்புல திரும்பிப் பலகையோட வெட்டுமுகத்துக்குள்ள ஏறிக்கறது ரெண்டாவது. பிளை மேல்முகத்துல மெதுவாத்தான் தண்ணி குடிக்கும், வெட்டுமுகத்துல திரி மாதிரி இழுக்கும். மூணாவது ஏசி. வடிகுழாய் ஸ்லைடு விளிம்புக்கு மேல வந்து முடியுதான்னு பாருங்க. கீழ்நாட்டுல வண்டி நிக்கும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா காத்து 26 டிகிரியிலேயே வேர்க்க ஆரம்பிச்சிடும். உள்ளே ஏசியை 22-ல வெச்சா தரைக்கு அடியிலயும் ரயில்லயும் தண்ணி கோத்துக்கும். மழையே இல்லாம பலகை ஊறுறது இப்படித்தான்.

சோதிக்க ஹோஸ் பைப் போதும், பிரஷர் வாஷர் வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் தாண்டித் தண்ணியை ஏத்திடும். கீழிருந்து மேல போங்க: முதல்ல அடி விளிம்புல பத்து நிமிஷம், அப்புறம் பக்கச் சுவர் பீடிங், கடைசியா கூரை. உள்ளே ஒருத்தர் டார்ச்சோட உட்காரணும். மேலிருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனைஞ்சு ஒண்ணும் தெரியாது.

அடியில அந்தக் கறுப்பு ஷீட்டை மூலைகிட்ட கத்தியால கீறிப் பாருங்க. குத்தூசியை அடிப்பக்கத்துல அரை அடிக்கு ஒண்ணா குத்திப் பாருங்க. முள் வெச்ச ஈரமானி கிடைச்சா இன்னும் நல்லது. எண்களைப் போடுங்க, எவ்வளவு அறுக்கணும்னு சொல்லலாம்.

மறையூர்_வண்டி

எபாக்சி பத்திக் கேட்டீங்களே அண்ணே. தண்ணி மாதிரி ஓடற எபாக்சி, காய்ஞ்ச, லேசா இத்துப்போன மரத்துக்குச் சரி. பிளை அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருந்தா அது உள்ளே போய் நிரம்பாது, மேலாப்புல ஓடு கட்டும். ஈர மரத்துல ஊத்தினா ஈரத்தை உள்ளே வெச்சு மூடினதாகும். குத்தூசி 3 மி.மீ.க்கு மேல சுலபமா இறங்கற இடம் எல்லாம் அறுத்து எடுக்க வேண்டியதுதான்.

பிவிசி ஃபோம் போர்டு போட்டா ஊறவே ஊறாதேன்னு யாராவது சொல்வாங்க. ஊறாது, வாஸ்தவம். ஆனா பாரம் ஏத்தி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா வளையும், ஓரத்துல ஸ்க்ரூ பிடிக்காது. கபோர்டுக்கு நல்லது, ஸ்லைடு தரைக்கு ஆகாது. சிமெண்ட் போர்டோ ரொம்பப் பாரம், ஸ்லைடுக்கு அடியில அதைத் தாங்கி உருள்ற ரோலர் தாங்காது.

ஏலக்காடு_குமுளி

எல்லாருக்கும் நன்றி. பார்த்தாச்சு. ஷீட்டைக் கீறினதும் ஒரு குவளைத் தண்ணி கொட்டிச்சு. ஈரமானி காட்டற சதவீதம்: மூலையில 28, ஓர் அடி தள்ளி 24, ரெண்டு அடியில 19, நடுவுல 14. குத்தூசி மூலையிலிருந்து நீளவாக்குல 20 அங்குலம், உள்வாக்குல 14 அங்குலம் வரைக்கும் இறங்குது. ஹோஸ் வெச்சப்ப கூரை சுத்தம். அடி மூலையில பீடிங் ஜாயின்ட் விரல் நுழையற அளவு விலகியிருக்கு, அங்கதான் உள்ளே வருது. அடி விளிம்புல சொட்டுத் தகடு எதுவும் இல்ல.

தென்மலை_தச்சு

எண்கள் தெளிவா இருக்கு சார். 20-க்கு மேல நின்னா பூஞ்சைக்குச் சௌகரியம், 15-க்குள்ள வந்தாத்தான் எபாக்சி, பெயின்ட் எல்லாம் பேசணும். குத்தூசி இறங்கற எல்லையைத் தாண்டி நாலு அங்குலமாவது நல்ல மரத்துக்குள்ள போய் அறுங்க. உங்களுக்கு 24 அங்குலம், 18 அங்குலம் வெச்சுக்கலாம். 19 காட்டற பாகம் கெடலை, காஞ்சா போதும்.

முதல்ல முட்டு. ரெண்டு பாட்டில் ஜாக்கி, மேல 4×3 கட்டை, அது ரயிலுக்கு அடியில உட்காரணும், பலகைக்கு அடியில இல்ல. பாரம் ஏறினதும் நிறுத்துங்க. 2 மி.மீ.க்கு மேல தூக்கினா பல்சக்கரம் ரேக்கை விட்டு விலகும். ஸ்லைடுக்குள்ள, நல்ல தரை மேல 3×2 முட்டு ரெண்டு வெச்சுக் கூரையோட வெளி ஓரத்தைத் தாங்குங்க. ரயில் முனையில வெளிச்சுவரைப் பிடிக்கிற பிராக்கெட் போல்ட்டு எந்த இடத்துல இறுகியிருக்குன்னு ஊசியால கோடு கீறி வெச்சுட்டுத்தான் கழட்டணும். அந்தத் துளை நீள்வட்டமா இருக்கும், இடம் மாறினா பீடிங் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் வாய் திறக்கும்.

வினைலை அறுக்கற கோட்டைத் தாண்டி ஆறு அங்குலம் கூடுதலா உரிச்சு மடக்கி வையுங்க. சர்குலர் ரம்பத்தோட ஆழம் 19 மி.மீ., அதுக்கு மேல போனா ரயிலைத் தொடும். சுவர் ஓரத்துல அது போகாது, அதிர்ற பிளேடு வெச்ச மல்டி டூல் வேணும். சுவர்ச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவுல இரும்பு அறுக்கிற பிளேடை விட்டா பழைய ஸ்க்ரூ துண்டாகும்.

பழைய பலகையோட விளிம்புல ரூட்டரால (மரத்துல பள்ளம் எடுக்கிற மெஷின்) 9 மி.மீ. ஆழம், 75 மி.மீ. அகலத்துக்குப் படி எடுங்க. புதுத் துண்டுல அதுக்கு எதிர்ப்படி. வெறுமனே முட்டி வெச்சா அந்தக் கோட்டுல வினைல் வெடிக்கும். புதுப் பலகை ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை, 18 மி.மீ. பழைய பலகையைக் காலிப்பர் வெச்சு ஊறாத இடத்துல அளந்துட்டு வாங்குங்க. கடைக்காரர் ஐஎஸ் 303-ஐயும் வாட்டர்ப்ரூஃப்னு எடுத்துத் தருவார், அது வேற தரம். பெரும்பாவூர் பக்கம் பிளை மில்லு நிறைய, அரைத் துண்டாக் கேட்டாலும் சில இடத்துல கிடைக்கும். எட்டுக்கு நாலு முழுத் தாள் ஒண்ணு 35 கிலோ தாண்டும், உங்களுக்கு அதுல கால்வாசி போதும்.

விட்டு வெக்கிற பழைய மரத்துக்குப் போராக்ஸ் 600 கிராம், போரிக் ஆசிட் 400 கிராம், பத்து லிட்டர் வெந்நீர்ல கரைச்சு ரெண்டு தடவை பூசுங்க. பூஞ்சை, கறையான் ரெண்டையும் தடுக்கும். காஞ்சதும் மேல வெள்ளையா உப்புப் பூக்கும். அதைத் தேய்ச்சு எடுக்காம எபாக்சி போட்டா உரிஞ்சிடும்.

எபாக்சி: எல்ஒய் 556 ரெசின், எச்ஒய் 951 ஹார்டனர், எடைக்கு நூத்துக்குப் பத்து. தராசு வெச்சு அளங்க, கண்ணளவு வேண்டாம். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல கலக்காதீங்க, டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாயிடும். ஒரு கிலோ ரெசின் வாங்கினா இந்த வேலைக்குத் தாராளம். ஆறு முகத்துக்கும் ரெண்டு கோட்டு, வெட்டுமுகத்துக்கு மூணு. வெட்டுமுகம் முதல் கோட்டை அப்படியே குடிச்சிடும், குடிக்கக் குடிக்கக் குடுங்க. மூடாப்பு நாள்ல எபாக்சி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த கோட்டுக்கு முன்னாடி தண்ணியும் பச்சை ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிக் காயவிடணும். அதை விட்டுட்டு சேண்ட்பேப்பர் மட்டும் போட்டா படலம் பலகைக்குள்ளேயே தேய்ஞ்சு உட்காரும்.

வெளி விளிம்பைச் சுத்தி 200 ஜிஎஸ்எம் நெய்த கிளாஸ் துணி, மேல ரெண்டு அங்குலம், கீழ ரெண்டு அங்குலம் மடிஞ்சு வரணும். கடையில சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (வெட்டின கிளாஸ் இழையைப் பசையால ஒட்டின விரிப்பு) குடுத்தா வாங்காதீங்க. அதுல இருக்கிற பசை பாலியெஸ்டர் ரெசின்லதான் கரையும், எபாக்சியில விறைச்சுக்கிட்டு மூலையில மடியாது.

கொழிஞ்சாம்பாறை_பாடிவேலை

தென்மலைக்காரர் சொன்னதோட ஸ்க்ரூ துளையைச் சேர்த்துக்கோங்க. ஒவ்வொரு ஸ்க்ரூ இடத்துலயும் முதல்ல 12 மி.மீ. துளை போட்டு, சலிச்ச மரத்தூள் கலந்த எபாக்சியால நிரப்பி, மறுநாள் அதோட நடுவுல மெல்லிசா துளை போட்டு ஸ்க்ரூ ஏத்துங்க. அப்ப ஸ்க்ரூ மரத்தையே தொடாது, அது வழியா தண்ணி இறங்கினாலும் பிளை குடிக்காது. ஸ்க்ரூ 304 ஸ்டெயின்லெஸ், தலை பலகைக்குள்ள முங்கணும். அடியில தலை துருத்தினா ரோலர் அதுல ஏறி இறங்கும்.

ரோலர் ஓடற தடத்துல எபாக்சி நிக்காதுங்க, தேய்ஞ்சுடும். 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டை பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வெச்சு ஒட்டிடுங்க. ஒரு ரோலருக்கு மட்டும் ஒட்டினா ஸ்லைடு அந்தப் பக்கம் தூக்கிக்கும், எல்லாத் தடத்துக்கும் ஒட்டணும்.

கறுப்பு ஷீட்டைத் திரும்பச் சுத்தாதீங்க. மேலிருந்து வர்ற தண்ணியைப் பிடிச்சு வெச்சதே அதுதான். அடிப்பக்கம் எபாக்சி மேல வெயில் தாங்கற பியூ பெயின்ட் ஒரு கோட்டு போதும். வெயில் பட்டா எபாக்சி மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும், அதுக்குத்தான் பெயின்ட்.

அடி விளிம்புல ஒரு அங்குல அலுமினியம் ஆங்கிள், ஒரு கால் பலகைக்குக் கீழ 10 மி.மீ. தொங்கற மாதிரி. அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் நாடா), மேல் விளிம்புல பியூ சீலன்ட். தண்ணி அதோட முனையில சொட்டிடும், பலகைக்குத் திரும்பாது. பழைய சிலிக்கானைப் பிளேடால முழுக்கச் சுரண்டி எடுக்கணும். அது மேல எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. கூரையில நீங்க இழுத்ததையும் நாளைக்கு எடுக்கற நிலைமை வரும்.

ஏலக்காடு_குமுளி

பீடிங் முழுசா மாத்தணுமா, மூலை மட்டும் போதுமா? காயவைக்க எவ்வளவு நாள் விடணும்? இங்க ராத்திரி நல்ல குளிர்.

மறையூர்_வண்டி

நாளை வெச்சு எண்ணாதீங்க அண்ணே, மீட்டரை வெச்சுப் பாருங்க. 15 வந்தாத்தான் அடுத்த வேலை. தை மாசியிலேயே ஆரம்பிச்சிடுங்க, அப்பதான் மலைக்காத்து வறண்டிருக்கும். முடிஞ்சா வண்டியைப் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கொண்டுபோய்ச் செஞ்சா இன்னும் சீக்கிரம், தையில அங்க கிழக்குக் காத்து ஓயாம அடிக்கும். ஆனா ஸ்லைடைப் பிரிச்சபிறகு வண்டியை நகர்த்தவே கூடாது. குமுளியிலேயே செஞ்சா தார்ப்பாய்ல கூடாரம் கட்டி, அடியில ஒரு ஃபேன், ராத்திரி ரெண்டு 100 வாட் பழைய குண்டு பல்பு. ஹீட் கன் வெச்சு அவசரப்படுத்தினா மேல்முகம் காஞ்சு உள்ளே ஈரம் நிக்கும். எபாக்சி போட்ட ராத்திரியும் பல்பு எரியட்டும், 15 டிகிரிக்குக் கீழ போனா சரியா இறுகாது.

பீடிங்: தரை வேலை முடிஞ்சபிறகு ஒரு துண்டுக் காகிதத்தை பீடிங்குக்கு நடுவுல வெச்சு ஸ்லைடை மூடி இழுத்துப் பாருங்க. சுத்தி அடிக்கு ஒரு இடம். சுலபமா உருவி வர்ற பக்கத்துல நீளம் முழுக்க மாத்தணும், மூலைக்கு மட்டும் ஒட்டுப்போட்டா ஜாயின்ட்தான் கூடும். ஈபிடிஎம் ரப்பரா கேட்டு வாங்குங்க. மூலையில 45 டிகிரி வெட்டி ரப்பர் பசையால ஒட்டணும், ஜாயின்ட் அடி மூலையில வராம மேலே தள்ளி வையுங்க. கிரீஸ், டீசல் தொடவே கூடாது, ஈபிடிஎம் உப்பிடும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

முடிஞ்சதும் பியூ சீலன்ட் ஒரு நாளைக்கு 3 மி.மீ. ஆழந்தான் இறுகும், மூணு நாள் கழிச்சு ஹோஸ் சோதனையைத் திரும்பச் செய்யுங்க. அப்புறம் ஸ்லைடை மூடும்போதெல்லாம் முதல்ல கூரையில கிடக்கற சில்வர் ஓக் இலையைப் பெருக்கித் தள்ளணும். அந்த இலை வைப்பர் பீடிங்குக்கு (ஸ்லைடு கூரையைத் துடைக்கிற ரப்பர் பட்டை) அடியில மாட்டினா தண்ணி நேரா உள்ளே. வண்டியை நிறுத்தும்போது ஸ்லைடு பக்கம் ஒரு விரல் தாழ்ந்து நிக்கட்டும்.