நோக்கிடம்: போர்க்காலப் படம் எடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

போர்க்காலப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்றைய எந்தத் தெருவில், எந்த மூலையில் எடுக்கப்பட்டது என்று தேடும் வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘புவியிடமறிதல்’ போதும் என்பது ஒரு கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. செயற்கைக்கோள் துணையோடு கைபேசி தன் இருப்பிடத்தை அறிவதற்கு அந்தச் சொல் பொருந்தும். இது சன்னல் சன்னலாக ஒப்பிட்டு, கண்ணால் செய்கிற வேலை.

‘படவிடமறிதல்’ என்று சேர்த்தெழுதினால் புணர்ச்சியில் ‘விடம்’ வந்து நிற்கிறது. முதல்முறை படிப்பவருக்கு நஞ்சுதான் நினைவுக்கு வரும்.

‘அடையாளங்காணல்’ போல ‘இடங்காணல்’ நல்ல சொல்தான். ஆனால் எந்த இடம்? ஒரு படத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. படத்தில் தெரிவது ஒன்று, படமெடுத்தவர் இருந்தது இன்னொன்று. 1945 மார்ச் 6 அன்று கொலோன் பேராலயத்தின் அருகே ஜெர்மானிய டாங்கி ஒன்றை அமெரிக்க டாங்கி சுட்டு எரித்ததைப் படம்பிடித்திருக்கிறார்கள். இரட்டைக் கோபுரம் கொண்ட அந்தப் பேராலயம் இன்றும் நிற்கிறது, அதைக் கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை. பக்கத்தில் எந்தக் கட்டடத்தில், எந்த உயரத்தில் கேமரா இருந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: கேமரா இருந்த இடம் ‘நோக்கிடம்’, படத்தில் தெரிவது ‘காட்சியிடம்’, தேடும் வேலை ‘நோக்கிடங்காணல்’.

நோக்கிடம் என்றால் நோக்கப்படும் இடம் என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறப்பிடம் என்பது பிறப்பு நடந்த இடம், இருப்பிடம் என்பது ஒருவர் இருக்கும் இடம். அதே வார்ப்பில், நோக்குதல் நடந்த இடம் நோக்கிடம். ‘நோக்கம்’ என்பதோடு குழம்பும் என்ற அச்சமும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் போய்விடும்: “இந்தப் படத்தின் நோக்கிடம் தெரு முனையிலிருந்து நான்கைந்து அடி உள்ளே.”

அந்த நான்கைந்து அடியை எப்படிச் சொல்ல முடிகிறது என்று பார்த்தால், இந்த வேலைக்குத் தனிச்சொல் ஏன் வேண்டும் என்பதும் புரியும். முன்னால் நிற்கும் விளக்குக் கம்பம், பின்னால் இருக்கும் கோபுரத்தின் எந்தப் பகுதியை மறைக்கிறது? பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாலும் மறைப்பு மாறிவிடும். அப்படி முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக ஒரு சோடி கிடைத்தால் வரைபடத்தில் ஒரு கோடு போடலாம், இன்னொரு சோடி இன்னொரு கோடு தரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நோக்கிடம். லென்ஸை மாற்றினால் எவ்வளவு பரப்பு படத்தில் அடங்குகிறது என்பதுதான் மாறும். எது எதை மறைக்கிறது என்பது மாறாது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தால் மட்டும் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும், அதனால் கடைப்பலகை எழுத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அப்புறம், வார்சாவின் பழைய நகரம் போரில் தரைமட்டமாகி, பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. அங்கே சன்னல் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

நோக்கிடம் எப்போதும் தெருவில் இருக்கும் என்றும் இல்லை. 1945 ஏப்ரல் 18 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் கேப்பா எடுத்த படத்தில், ரேமண்ட் போமன் என்ற அமெரிக்கச் சிப்பாய் சுடப்பட்டு பால்கனி வாசலில் சரிந்து கிடக்கிறார். கேப்பா அப்போது வீட்டுக்குள்ளே இருந்தார். பாழடைந்து இடிபட இருந்த அந்தக் கட்டடத்தைப் பின்னாளில் காப்பாற்றினார்கள், பக்கத்துத் தெருவுக்கு இன்று போமனின் பெயர். ஒருவர் உயிர்விட்ட இடத்தை ‘இந்த ஊரில் எங்கோ’ என்று எழுதுவதற்கும், ‘இந்த வீட்டின் இந்த வாசலில்’ என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் சொல் அந்தத் துல்லியத்தைத் தாங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதே நோக்கிடத்தில் இன்று நின்று எடுக்கும் படத்துக்கு ‘மீள்படம்’ போதும். மீளாய்வு, மீள்பதிவு என்று ஏற்கெனவே எழுதுகிறோம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரு உறுதி, ஆனால் நின்ற இடம் தெரியவில்லை என்றால் என்ன எழுதுவது? ‘அண்மை நோக்கிடம்’ என்றால் ‘சமீப காலத்து’ என்றும் படும். ‘உத்தேச நோக்கிடம்’ காதுக்கு இயல்பாக இருக்கிறது, ஆனால் ‘உத்தேசம்’ நோக்கம் என்ற பொருளையும் கூடவே கொண்டுவருகிறது. ‘தோராய நோக்கிடம்’ சரிப்படுமா?