கொழும்புப் பட்டத்தோடு வோல் ஸ்ட்ரீட்டுக்கா?

வெள்ளவத்தையான்: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நிதித்துறைப் பட்டம், முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வில் முதல் நிலையும் தேறிவிட்டேன். நியூயோர்க்கின் வோல் ஸ்ட்ரீட் நிதி நிறுவனங்களுக்கு 40 விண்ணப்பங்கள் அனுப்பினேன். இரண்டுக்கே பதில்; இரண்டும் விசாவைத்தான் கேட்டன. வழி இருக்கிறதா, அண்ணாமாரே?

கடன்காரன்: தம்பி, முட்டுக்கட்டை பட்டமல்ல, விசாதான். எச்-1பி எனும் அமெரிக்க வேலை விசா ஆண்டுக்கு 65,000 தான். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள நிதிப் பொறியியலை அங்கே படித்தால், படிப்பு முடிந்ததும் மாணவர்களுக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதியில் 12 மாதங்களும் நீட்டிப்பாக 24 மாதங்களும் வேலை செய்யலாம். நான் அப்படித்தான் போனேன். கடன் இன்னும் முடியவில்லை.

இராக்கோழி: கொழும்பிலிருந்தே அமெரிக்க நிதியங்களுக்கு ஆய்வு செய்யும் நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். கோடையில் நியூயோர்க் பங்குச் சந்தை நமக்கு இரவு 7 மணிக்குத் திறக்கும். சாப்பாடு தினமும் கொத்துரொட்டி. ஆனால் நான் கட்டிய எக்செல் மதிப்பீட்டைக் காட்டிய பிறகு, நேர்முகத்தில் யாரும் பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வெள்ளவத்தையான்: கொத்துரொட்டிக்குச் சம்மதம். நாளையே விண்ணப்பிக்கிறேன்.