களுவாஞ்சிகுடிப் பக்கம் வீட்டுக்கு வாற பிசியோதெரபிஸ்ட் யாரும் தெரியுமா?

அம்மாவுக்கு 68 வயது. முட்டு வருத்தத்துக்கு பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து குடிக்கிறவ. சலக்கடுப்புக்கு சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை தொடங்கின கையோட குதிக்காலுக்கு மேல உள்ள தசைநாண் வீங்கி, படி இறங்க ஏலாமப் போயிற்று. டொக்டர் குளிசையை நிப்பாட்டி வேற மருந்து தந்திட்டார். 60 வயதைத் தாண்டினவங்க இந்தக் குளிசையோட ஸ்டீரொயிட்டும் குடிச்சா இந்த நாண் அறுந்துபோகவும் கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே எச்சரிச்சிருக்கு. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

எண்ணெய் போட்டு உருவச் சொல்லி அயலில எல்லாரும் சொல்றாங்க. அன்பாலதான் சொல்றாங்க, ஆனா வீங்கின நாணை உருவ நான் விடல்ல.

கல்முனை, மட்டக்களப்பு ஆக்களென்றாலும் பரவாயில்ல. குதி உயர்ந்த மெத்துச் செருப்பு எங்க எடுக்கலாம்? இதே குளிசையால வலி வந்து சுகமானவங்க இருந்தா, பழையபடி நடக்க எவ்வளவு காலம் எடுத்ததென்று சொல்லுங்க.