குன்னூர் பக்கம் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. 11 வருடம் மேஸ்திரியிடம் வேலை பார்த்துவிட்டு, தை மாதத்திலிருந்து குன்னூரில் நானே காண்ட்ராக்ட் எடுக்கிறேன், கூட நாலு பேர். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முடித்துவிட்டேன், அது இலவசம்தான். பசங்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் சேர்க்கப் போகிறேன், பெயிண்டருக்கும் அதில் இடம் உண்டு.

குழப்பம் ஜிஎஸ்டியில். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் எனக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஒரு ரிசார்ட்டில் ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். பதிவு செய்தால் வீட்டுக்காரர்களிடமும் 18 சதவீதம் சேர்த்துக் கேட்க வேண்டும், யார் தருவார்கள்? சின்னத் தொழில்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் போனால் 6 சதவீதம்தான், ஆனால் அதை நம் கையிலிருந்து கட்ட வேண்டும், வரி பில்லும் போட முடியாது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம் ரேட். கோயம்புத்தூர் ரேட்டைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். அங்கே பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசும் பட்டி ஒரே நாளில் காயும், இங்கே மூடுபனி இறங்கினால் மூன்று நாள் ஆனாலும் கை வைத்தால் ஈரம், ஆனால் பசங்களுக்குக் கூலி நிற்காது. மேட்டை ஒட்டிய பின்சுவரில் மண் ஈரம் உள்ளே ஏறி பெயிண்ட் கொப்பளிக்கிறது. போன மாதம் ஒரு வீட்டில் அப்படி உரிந்து, என் செலவிலேயே திரும்ப அடித்துக் கொடுத்தேன், மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஈரச்சுவருக்கு நான் பொறுப்பில்லை என்று கொட்டேஷனில் எப்படி எழுதுவது? மழை நாள் கூலியை யார் கணக்கில் வைப்பது? கோத்தகிரி, ஊட்டி ஆட்கள் இப்போது சதுர அடிக்கு என்ன வாங்குகிறீர்கள் என்றும் சொல்லுங்கள், ஐப்பசி மழைக்குள் ரேட்டை முடிவு செய்ய வேண்டும்.