ஜியோகாயினில் துளை போடச் சொல்லும் ‘ஆலோசனை’ குறித்து

நாணயவேல் (சியாட்டில்):

நம் ஜியோகேச்சிங் மன்றத்தின் ‘புதியவர்களுக்கு’ பகுதியில் நண்பர் ஊர்சுற்றி நேற்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க இயலவில்லை. ஜிபிஎஸ் துணையோடு நாம் தேடிப் போகும் ஒளித்துவைத்த பெட்டிதான் கேச், அதில் வைத்து ஊர் ஊராக அனுப்பும் எண்ணிட்ட காசுதான் ஜியோகாயின். அந்தக் காசை வாங்கியவுடன் அதன் விளிம்பை ஒட்டி 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு, சங்கிலி கோத்து, அதன் பிறகே கேச்சில் வைக்க வேண்டுமாம். துளையிட்ட காசைச் சேகரிப்பாளர்கள் சீந்த மாட்டார்களாம், ஆகவே அது திருடு போகாதாம். இதற்கு மூன்று பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு காசு எப்படி உருவாகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா? வரைபவர் ஒவ்வொரு கோட்டின் தடிமனையும் பார்த்துப் பார்த்து வரைகிறார், ஏனெனில் மிக மெல்லிய கோடு அச்சில் நிற்காது. அந்த வரைபடம் எஃகு அச்சில் செதுக்கப்பட்டு, உலோக வில்லையில் பதிக்கப்பட்டு, அதன் மேல் பூச்சு ஏற்றப்பட்டு, பள்ளங்களில் எனாமல் நிறம் நிறமாக நிரப்பப்பட்டுச் சூடேற்றப்படுகிறது. காசு எங்கெங்கே போகிறது என்று ஜியோகேச்சிங் தளத்தில் பின்தொடர உதவும் டிராக்கிங் எண்ணுக்குத் தனிக் கட்டணம், தளத்தில் அந்தக் காசுக்கென்று தனிச் சின்னம் வேண்டுமென்றால் அதற்கும் கட்டணம். இவ்வளவும் முடிந்து கைக்கு வந்த பொருளில், சுவரில் அலமாரி மாட்ட வாங்கிய டிரில்லைக் கொண்டு ஓட்டை போடச் சொல்வது ஆலோசனையா, அழிம்பா?

ஊர்சுற்றி (டொரொன்டோ):

நாணயவேல் ஐயாவின் மன அமைதி கெட்டதற்கு வருந்துகிறேன். நான் எழுதியது வெல்வெட் தட்டில் அடுக்கி, விருந்தினர் வரும்போது திறந்து காட்டும் காசுகளைப் பற்றி இல்லை. கேச்சில் வைத்து அனுப்பும் காசுகளைப் பற்றி மட்டுமே எழுதினேன். ஒன்ராறியோவின் காட்டுப் பாதைகளில் நான் விட்டவற்றுள், பளபளவென்று முழுமையாக இருந்தவை பெரும்பாலும் முதல் பெட்டியோடு மாயமாகிவிட்டன. எடுத்தவர் தளத்தில் பதியவும் இல்லை, அடுத்த பெட்டியில் வைக்கவும் இல்லை. துளையிட்டு, சங்கிலியில் ஒரு மலிவான பிளாஸ்டிக் ஆமையையும் கோத்து அனுப்பிய காசோ இன்று போர்ச்சுகலில் இருக்கிறது. காசு அழகாக இருந்து காணாமல் போவதைவிட, ஓட்டையோடு ஊர் சுற்றுவது மேல் என்பது என் கருத்து.

நாணயவேல்:

கருத்து இருக்கட்டும், கணக்குக்கு வாருங்கள். பெரும்பாலான காசுகள் 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. அவற்றின் ஓரத்தில் எழும்பியிருக்கும் வளையம் பொதுவாக 3 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அப்படியிருக்க, விளிம்பை ஒட்டிப் போடும் 3 மில்லிமீட்டர் துளை எதைத் தின்னும்? வளையத்துக்கு உட்புறமாகச் சுற்றி ஓடும் எழுத்தைத் தின்னும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லட்டும்.

காசின் உள்ளுடல் பல நேரங்களில் துத்தநாகக் கலவைதான். நாம் பழவெள்ளி என்றும் கறுப்பு நிக்கல் என்றும் கொண்டாடுவதெல்லாம் அதன் மேல் ஏறிய மெல்லிய பூச்சு. டிரில் முனை இறங்கும்போது அந்தப் பூச்சு சுருண்டு எழும்பித் துளையின் வாயில் சாம்பல் நிற உலோகம் பல்லிளிக்கும். மூடி சரியாகப் பொருந்தாத ஏதாவது ஒரு பெட்டியில் மழை நீர் இறங்கினால் அந்த வாயைச் சுற்றி வெண்மையாகப் பொருக்குக் கட்டும். கடின எனாமலாக இருந்தால் துளையிலிருந்து மயிரிழை விரிசல்கள் கிளம்பும், மென் எனாமலாக இருந்தால் ஒரு நிறமே துணுக்காகப் பெயர்ந்து விழும். இவற்றை நான் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவன்.

செல்வி (ஸ்டுட்கார்ட்):

இருவரும் எதற்காக இவ்வளவு கோபப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. அசல் காசை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் படத்தையும் டிராக்கிங் எண்ணையும் அச்சிட்டு, லேமினேட் செய்து அனுப்பினால் வேலை முடிந்தது. இங்கே ஜெர்மனியில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். காசைப் போலவே பெட்டிக்குப் பெட்டி பயணிக்கும் உலோகத் தகடான டிராவல் பக் வாங்கினால் ஒரே எண் பொறித்த இரண்டு தகடுகள் வருகின்றன. ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை நாமே வைத்துக்கொள்கிறோம், அதை யாரும் குறை சொல்வதில்லை. காசுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஊர்சுற்றி:

செல்வி அக்கா, பெட்டியைத் தேடி மலையேறி, முள்ளில் கிழிபட்டு, மூடியைத் திறந்து பார்க்கும் சிறுவனின் கையில் லேமினேட் செய்த காகிதத்தைக் கொடுப்பதற்கு அவனை மலையேறச் சொல்லாமலேயே இருந்துவிடலாம்.

நாணயவேல்:

காகிதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. காகிதத்தில் துளை போட்டால் எனக்கு ஆட்சேபமும் இல்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது: 3 மில்லிமீட்டர் துளை எதைத் தின்னும்?

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் டிசெப்ஷன் பாஸ் அருகே ஒரு கேச்சில் ஜான் ஸ்டான்லி முதல் ஜியோகாயினை வைத்தார். தாம் வந்துபோனதன் அடையாளமாக, எண்ணிட்டுச் செய்துகொண்ட தம் சொந்தக் காசைத்தான் அவர் வைத்தார். அதில் ஓட்டை போட்டு ஆமையைக் கட்டித் தொங்கவிடவில்லை. இந்தப் பொழுதுபோக்கின் தலைமையகம் இருக்கும், சியாட்டிலின் ஃப்ரீமான்ட் பகுதிக்கு அருகிலேயே வசிப்பவன் என்ற முறையில் இதன் மரபு எது என்பதை நான் ஓரளவு அறிவேன்.

ஊர்சுற்றி:

ஃப்ரீமான்ட்டுக்கு அருகில் வசிப்பது ஒரு வாடகை முகவரி, பதவி இல்லை.

மரபு என்று பேசத் தொடங்கிவிட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். நம் தாத்தாக்கள் புழங்கிய ஓட்டைக் காலணாவை ஐயா பார்த்ததில்லையா? போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் நடுவில் துளையோடு அடித்த காசு அது. ஜப்பானில் 5 யென்னிலும் 50 யென்னிலும் இன்றைக்கும் துளை இருக்கிறது. அரசாங்கமே துளை போட்ட காசைச் செலாவணி என்று ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நான் போட்டால் மட்டும் காசுக்கு ஏன் உயிர் போகிறது?

நாணயவேல்:

அருமையான வாதம். ஓட்டைக் காலணாவின் துளை நாணயச்சாலையிலேயே போடப்பட்டது, துளைக்கு இடம் விட்டே அதன் எழுத்துகள் சுற்றிலும் அமைக்கப்பட்டன. உங்கள் தாத்தா ஆணியும் சுத்தியலும் கொண்டு தாமே போட்ட துளையாக இருந்தால், மளிகைக் கடைக்காரர் அந்தக் காசை முகத்தில் எறிந்திருப்பார். ஜியோகாயினிலும் வடிவமைக்கும்போதே துளைக்கு இடம் விட்டு வரைந்தவை ஏராளம். சங்கிலி வேண்டுமென்றால் அத்தகைய காசை வாங்க வேண்டியதுதானே? அல்லது காசை வினைல் உறையில் போட்டு, உறையின் மூலையில் துளையிட்டுச் சங்கிலி கோத்தால் யார் தடுக்கிறார்கள்?

எழுத்தைத் துளை தின்னுமா, தின்னாதா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

புதுமுகம் (சிங்கப்பூர்):

மன்னிக்கவும், நான் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். காசு என்பது சேகரித்து வைக்கும் பொருளா, பெட்டிக்குப் பெட்டி மாறி, அதன் எண்ணைக் கண்டெடுப்பவர்கள் பதியப் பதியத் தளத்து வரைபடத்தில் வழி நீண்டுகொண்டே போகும் பயணப் பொருளா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் இந்தக் கேள்வி எளிதாகிவிடும் அல்லவா?

ஊர்சுற்றி:

தம்பி, அதைப் பிறகு பார்க்கலாம். வினைல் உறை ஒரு குளிர்காலத்தைத் தாங்காது. உறைபனியில் விறைத்து, மூலையில் கிழிந்து, சங்கிலி ஒரு பெட்டியிலும் காசு எவரோ ஒருவருடைய சட்டைப் பையிலும் போய்ச் சேரும். சியாட்டிலின் தூறலைப் பார்த்தே குளிர்காலம் என்று நினைத்துக்கொள்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நாணயவேல்:

தூறலைப் பற்றிய ஏளனத்துக்கு நன்றி. துளை?

செல்வி:

நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அது பரவாயில்லை. ஆனால் திருட்டைப் பற்றி நாணயவேல் அவர்கள் இவ்வளவு தூய்மையாகப் பேசுவதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவரும் அஞ்சலில் காசு மாற்றிக்கொண்டோம். செயல்படுத்தப்படாத (அதாவது, எண் இன்னும் தளத்தில் யார் பெயரிலும் பதியப்படாத), பழவெள்ளிப் பூச்சுள்ள வரையறுக்கப்பட்ட பதிப்பு என்று எழுதியிருந்தார். எனக்கு வந்து சேர்ந்தது சாதாரண நிக்கல். நான் அனுப்பியதோ, வடிவமைத்த ஓவியரே தம் பங்காக வைத்திருந்த பதிப்பு. கேட்டதற்கு ‘ஒளியில் அப்படித் தெரியும்’ என்று பதில் வந்தது.

நாணயவேல்:

அந்த விவகாரத்தை அம்மையார் இங்கே இழுப்பார் என்று எதிர்பார்த்தேன். அது பழவெள்ளிதான். பழவெள்ளியில் பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் வெளுத்தும் இருக்கும். மெருகு போடும் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு போய்விடும், நிக்கல் போலத்தான் தெரியும். காசைத் துணியால் துடைப்பவர்களும் டிரில்லால் துளைப்பவர்களும் ஒரே இனம் என்பது என் பணிவான எண்ணம்.

செல்வி:

நான் அதைத் துடைக்கவே இல்லை. உறையைப் பிரித்த அன்றே படம் எடுத்து அனுப்பினேன், அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெட்டிக்காரர் (பென்சில்வேனியா):

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2014இல் மியூனிக்கில், ஜியோகேச்சிங் ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் ‘கிகா’ நிகழ்வு முதன்முதலாக நடந்தபோது நான் போயிருந்தேன். மேசை மேசையாகக் காசுக் கோப்புகளைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பக்கம் பக்கமாக எண்களைப் படம் பிடித்துக்கொண்டே போனார், ஒரு காசையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கவில்லை. அன்று இரவே அத்தனையையும் ‘கண்டேன்’ என்று பதிந்திருப்பார். துளை போட்டாலும் போடாவிட்டாலும் காசை இன்று யார் பார்க்கிறார்கள்? எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

ஊர்சுற்றி:

அதில் என்ன பிழை? செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ஷெர்லாக் என்னும் ஆய்வுக் கருவியைச் சரிபார்க்க வைத்த தகட்டில் ஒரு டிராக்கிங் எண் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அது தரையிறங்கிய பிறகு, நாசா வெளியிட்ட படத்தில் எண்ணைப் படித்து உலகமே பதிந்தது. அவர்களில் யார் செவ்வாய்க்குப் போய் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்கள்?

பெட்டிக்காரர்:

அதைத் தலைமையகமே அழைப்பு விடுத்துப் பதியச் சொன்னது. யாரோ ஒருவர் எண்களின் பட்டியலை நண்பர்களுக்கு அனுப்பி, அவர்கள் வீட்டில் அமர்ந்தபடியே பதிவதும் அதுவும் ஒன்றாகுமா? அப்படிப் பட்டியலில் சிக்கிய என் காசு ஒன்றை, தளத்தில் இனி யாரும் பதிய முடியாதபடி பூட்டிவிட்டார்கள். எண்ணைப் பரப்பியது நான் இல்லை என்றாலும் தண்டனை எனக்குத்தான் வந்தது.

நாணயவேல்:

செவ்வாயில் இருப்பது விண்வெளி உடையின் முகக் கவசத்துக்கான பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) துண்டு, அது காசே இல்லை. அதை எடுத்துச் செல்லவும் அங்கே ஆளில்லை, ஆகவே ஊர்சுற்றி அவர்கள் அங்கே டிரில்லோடு போக வேண்டிய அவசியம் நல்லவேளையாக ஏற்படவில்லை.

எல்லோரும் திசை மாறிக்கொண்டிருப்பதால் மீண்டும் தொடங்குகிறேன். ஒருவர் ஒரு காசை வடிவமைக்கிறார். இரு பக்கத்துக்கும் அச்சு வெட்டும் செலவை முன்பணமாகக் கட்டுகிறார், ஐம்பதுக்கும் நூறுக்கும் குறைவாக அடித்தால் ஒன்றின் விலை தாளாது என்பதால் தேவைக்கு மேலேயே அடிக்கிறார், விற்காமல் தேங்கியவற்றை அலமாரியில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அப்படியும் விளிம்பில் ஒரு வரியை வட்டமாக ஓட விடுகிறார். அந்த வரியில் ஓர் எழுத்து போனாலும் அது அவர் அனுப்பிய வரி இல்லை. இதை உணராதவர் காசை வாங்காமல், கடைத் தெருவில் சாவி வளையம் வாங்கி அதில் எண்ணை ஒட்டி அனுப்பலாம்.

ஊர்சுற்றி:

அலமாரியில் பார்த்துப் பெருமூச்சு விடுவது யார் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஐயா சென்ற ஆண்டு வெளியிட்ட ‘கோபுர வரிசை’ காசில் எத்தனை மிச்சமிருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

நாணயவேல்:

கேட்டுவிட்டுக் கேட்க மாட்டேன் என்பது நல்ல நாகரிகம். அந்தக் காசில் நான் தொங்கும் வளையத்துக்கென்று அச்சிலேயே இடம் விட்டிருந்தேன். அதை வாங்கிய ஒருவர் அந்த வளையத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பில், சரியாகக் கலசத்தின் தலையில் துளை போட்டுச் சங்கிலி கோத்திருக்கும் படத்தைத் தளத்தில் பார்த்தேன். அந்தக் காசு இப்போது போர்ச்சுகலில் இருக்கிறது. சங்கிலியில் ஓர் ஆமையும் இருக்கிறது.

புதுமுகம்:

ஐயா, அப்படியானால் அந்தக் காசு தொலையாமல் பயணப்படுகிறது அல்லவா?

நாணயவேல்:

தம்பி, கலசத்தின் தலையில் என்று சொன்னேன்.

ஊர்சுற்றி:

வளையம் மேல்பக்கம் இருந்தால் காசு தலைகீழாகத் தொங்கியது, அதனால் கீழ்ப்பக்கம் போட்டேன். வடிவமைப்பவர் தொங்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நாணயவேல்:

தலைகீழாகத் தொங்கியதாம்! நீங்கள் பின்பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரைபடத்தின் மூலக் கோப்பை இன்றிரவே இங்கே ஏற்றுகிறேன், மேல் எது, கீழ் எது என்பதை அனைவரும் பார்க்கட்டும். அதற்குள், 3 மில்லிமீட்டர் துளை எதைத் தின்னும் என்பதற்கான பதிலையும் எழுதிவைக்கவும்.